கிராமங்களில் கம்பியில்லா இணையத் தொடர்பு: சாமான்களைத் தெரிந்தெடுப்பதில் கவனிக்க வேண்டியவை

இறைக்கும் யந்திரம் வாங்கப்போகும் குடியானவர் எவரும் முதலில் கடைக்குப் போவதில்லை. கிணற்றின் ஆழம் என்ன, கோடையில் தண்ணீர் எம்மட்டத்தில் நிற்கும், பாயவேண்டிய நிலம் எத்தனை ஏக்கர் என்பனவற்றைக் கணக்கிட்டுக்கொண்ட பிறகே இத்தனை குதிரைச் சக்தியுள்ள யந்திரம் வேண்டும் என்று தீர்மானிக்கிறார். வண்டிமாடு பிடிப்பவரும் பல்லைப் பார்க்காமலும், சுழியைப் பார்க்காமலும், நடக்கவிட்டுப் பார்க்காமலும் முன்பணம் கொடுப்பதில்லை. இவ்வளவு விவேகமுள்ள நம்மவர்கள், கம்பியில்லா இணையத் தொடர்புக்கான சாமான்கள் வாங்கும்போது மாத்திரம் விலைப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, அதிலுள்ள மிகப் பெரிய எண்ணையோ மிகக் குறைந்த விலையையோ பார்த்து முடிவு செய்துவிடுகின்றனர். இவ்வழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதும், இதற்கென ஒதுக்கும் பணத்தில் பெரும்பங்கை பளபளப்பான கருவிக்குச் செலவிடாமல் கம்பம், கம்பி, நிலத்தொடர்பு, மின்கலம் ஆகிய துணைச் சாமான்களுக்குச் செலவிடுவதே லாபகரம் என்பதும் எமது அபிப்பிராயம். அதற்குரிய காரணங்களை இங்கே எடுத்துரைப்போம்.

இணையத் தொடர்பு விவசாயிக்கு அவசியமோ என்று கேட்பவர் இப்பொழுது மிகச் சிலரே. 2016-ஆம் ஆண்டில் தொடங்கிய மின்னணு தேசிய வேளாண் சந்தையும், 2018-ஆம் ஆண்டில் நமது மாநிலத்தில் வெளியான உழவன் செயலியும், 2019-ஆம் ஆண்டில் வெளிவந்த மேகதூத் வானிலைச் செயலியும் இத்தொடர்பைக் கொண்டே பயன் தருவன. பட்டா, சிட்டா நகல் பெறுவதும், பயிர்க் காப்பீட்டுக்குப் பதிவு செய்வதும் அவ்வாறே. கடைசித் தேதியன்று தொடர்பு அறுந்துபோனால் ஒரு போகத்துக் காப்பீடே கைநழுவிப் போகக்கூடும். ஆதலால் இது வேடிக்கைச் சாதனமன்று. கலப்பையைப்போல் தொழிற்கருவியாகவே கருதத்தக்கது.

முன்னோர் அனுபவம்

நிலையான இடத்திலிருந்து நிலையான இடத்துக்குக் கம்பியின்றி இணையம் கொண்டுசெல்லும் முறை நமது நாட்டுக்குப் புதிதன்று. சென்னையிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் உருவான கார்டெக்ட் என்னும் முறையைக் கொண்டு, 2001-ஆம் ஆண்டு வாக்கில் மதுரை ஜில்லா மேலூர் வட்டாரத்துக் கிராமங்களில் இணைய நிலையங்கள் ஏற்படுத்தப்பட்டன. அன்று கிடைத்த வேகம் வினாடிக்கு 35 அல்லது 70 கிலோபிட்டே. நேர்பார்வை இருந்தால் தொலைவு 10 கிலோமீட்டர் வரை எட்டியது. பின்னர் தேனியிலுள்ள அரவிந்த் கண் மருத்துவமனை, அமெரிக்காவின் பெர்க்லி சர்வகலாசாலை ஆராய்ச்சியாளர்களோடு சேர்ந்து, சுற்றுக் கிராமங்களிலுள்ள கண் பரிசோதனை நிலையங்களை வைஃபை கருவிகளாலும் நீண்ட தூர ஆன்டெனாக்களாலும் இணைத்தது. நோயாளி தம் ஊரிலேயே இருக்க, டாக்டர் தேனியிலிருந்தபடி அவரைப் பரிசோதிப்பது இதனால் சாத்தியமாயிற்று.

அவ்வேலையில் ஈடுபட்டவர்கள் 2008-ஆம் ஆண்டில் தங்கள் அனுபவத்தை வெளியிட்டபோது, பெரும் தொல்லையாக எடுத்துரைத்தது அலைவரிசையையோ தூரத்தையோ அன்று. ஏறியிறங்கும் கிராமத்து மின்சாரத்தையே ஆகும். மின்னழுத்தம் திடீரென்று உயர்வதாலும் தாழ்வதாலும் கருவிகள் கெட்டன. மின்கலங்கள் அளவுமீறி வெறுமையாகிப் பாழாயின. இவ்வனுபவம் இன்றைக்கும் பொருந்தும். கருவிகள் அன்றைவிடப் பன்மடங்கு சிறந்துவிட்டன. கிராமத்து இடியும் மின்சாரமும் தென்னந்தோப்பும் எலியும் அப்படியேதான் இருக்கின்றன.

எங்கே தேவை, எங்கே தேவையில்லை

கண்ணாடியிழைக் கம்பி வீட்டு வாசல்வரை வரக்கூடிய இடத்தில் கம்பியில்லா முறையை நாடுவது சிலாக்கியமன்று. 2011-ஆம் ஆண்டில் அனுமதிக்கப்பட்டு 2015-ஆம் ஆண்டில் பாரத்நெட் எனப் பெயர்பெற்ற திட்டம், ஊராட்சி அலுவலகங்களை இழைக் கம்பியால் இணைக்கும் நோக்கமுடையது. அது வந்து சேர்ந்த ஊர்களில், ஊராட்சிக் கட்டடத்துக்கும் எட்டியுள்ள குக்கிராமத்துக்கும், அல்லது வயலிலுள்ள பம்புக் கொட்டகைக்கும் இடைப்பட்ட ஒன்றிரண்டு கிலோமீட்டரைக் கடப்பதற்கே கம்பியில்லா முறை உதவும். இழை வராத ஊர்களில், 2023-ஆம் ஆண்டு முதல் பெரிய தொலைபேசிக் கம்பெனிகள் ஐந்தாந் தலைமுறை அலைகளைக் கொண்டு நடத்தும் வீட்டு இணையச் சேவை கிடைக்கிறதா என்று விசாரிக்கலாம். அதில் கருவியைக் கம்பெனியே கொடுத்துவிடும். ஆயினும் கம்பமும் மின்சாரமும் இடிக்காப்பும் வீட்டுக்காரர் பொறுப்பாகவே நிற்கும். இரண்டுக்கும் பொதுவான விஷயங்களையே இங்கு விவரிக்கிறோம்.

நேர்பார்வை

சாமான் வாங்குமுன் செய்யவேண்டிய முதற்காரியம் இரண்டு முனைகளிலும் ஏறிப் பார்ப்பது. 5 கிகாஹெர்ட்ஸ் அலைகளுக்கு மரத்தின் இலை பெரும் தடை. மழையில் நனைந்த இலை அதனினும் பெரிது. கண்ணுக்கு எதிர்முனை தெரிந்தால் போதும் என்று எண்ணுவதும் தவறு. அலை நூல் பிடித்தாற்போல் செல்வதில்லை. நடுவில் பருத்தும் முனைகளில் சிறுத்தும் நூற்கதிர் வடிவாகப் பரவிச் செல்கிறது. 5.8 கிகாஹெர்ட்ஸில் 2 கிலோமீட்டர் தூரத்துக்கு இக்கதிரின் நடுவிட ஆரம் சுமார் 5 மீட்டர்; 5 கிலோமீட்டருக்குச் சுமார் 8 மீட்டர். இதில் ஐந்தில் மூன்று பங்காவது தடையின்றி இருக்கவேண்டும். அதாவது 5 கிலோமீட்டர் தொடர்பில், நடுவழியிலுள்ள மரத்தின் உச்சிக்கு மேல் ஏறக்குறைய 5 மீட்டர் இடைவெளி வேண்டும்.

கரும்பும் சோளமும் இதற்கு இடையூறு செய்யா. தென்னை, சவுக்கு, தேக்கு, தைலமரம் ஆகியவையே கவனிக்கத்தக்கவை. சவுக்கு நட்ட மூன்று நான்கு ஆண்டுகளில் வெட்டுக்கு வரும். அதற்குள் அது எவ்வளவு உயரும் என்பதைக் குடியானவருக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆகவே இன்று தெரியும் பாதையை மாத்திரம் பார்க்காமல், வழியிலுள்ள நிலங்களில் யார் என்ன நட்டிருக்கிறார் என்பதையும் விசாரித்து, ஐந்தாண்டுக்குப் பின் அப்பாதை எப்படியிருக்கும் என்று கணித்துக்கொள்ள வேண்டும். இவ்வேலையில் வெளியூரிலிருந்து வரும் பொறியாளரைவிட நிலங்களை அறிந்த கிராம நிர்வாக அலுவலரும் உள்ளூர்ப் பெரியவர்களும் அதிகம் உதவுவர். நேர்வழி அடைபட்டிருந்தால், மேல்நிலை நீர்த்தொட்டி போன்ற உயர்ந்த கட்டடம் ஒன்றில் உரிய அனுமதியோடு இடைநிலையம் அமைத்து இரண்டு கண்ணியாகச் செல்வது, சக்தி மிகுந்த கருவி வாங்கி மரத்தோடு போராடுவதைவிடச் சிக்கனமானது.

ஆன்டெனா

தூரம் இரட்டித்தால் எதிர்முனையில் கிடைக்கும் சக்தி நாலில் ஒரு பங்காகும். டெசிபெல் கணக்கில் 6 குறையும். இக்கணக்கை அறிந்தவர், 2 கிலோமீட்டருக்கு 20 கிலோமீட்டர் எட்டும் கருவியை வாங்கமாட்டார். ஆன்டெனாவின் பெருக்கம் அதிகரிக்க அதிகரிக்க அதன் பார்வை குறுகும். 30 டெசிபெல் வகுப்பைச் சேர்ந்த கிண்ண ஆன்டெனாவின் பார்வை சுமார் 5 பாகையே. கம்பம் காற்றில் சிறிது திரும்பினாலும் தொடர்பு தளரும். கிண்ணம் பெரிதாகையால் காற்றும் அதிகம் பிடிக்கும். இரண்டு மூன்று கிலோமீட்டருக்குள் தட்டையான சிறு ஆன்டெனாவே உத்தமம். ஒரு கம்பத்திலிருந்து பல வீடுகளுக்குப் பகிர்வதானால் மையத்தில் அகன்ற பார்வையுள்ள துண்டு ஆன்டெனாவும், வீடுகளில் குறுகிய பார்வையுள்ளவையும் வைப்பது முறை.

கருவி பொருத்தியபின் அதன் திரையில் காணும் சமிக்ஞை அளவு மைனஸ் 50-க்கும் மைனஸ் 65-க்கும் இடையே இருப்பது நலம். மைனஸ் 75-க்கு அப்பாற்பட்டதை "வேலை செய்கிறது" என்று ஒப்புக்கொள்ளலாகாது; அது மழைக்காலத்தில் நிற்காது. மேலும், இருமுனைக் கருவிகளும் ஒரே உற்பத்தியாளரின் ஒரே வகையாயிருப்பது அவசியம். வெவ்வேறு வகைகள் பெரும்பாலும் ஒன்றோடொன்று பேசுவதில்லை.

கம்பம்

கம்பத்துக்கு உருக்குத் துத்தநாகத்தில் தோய்த்த இரும்புக் குழாயே தகுதியானது. வெறும் வர்ணம் பூசியது கடற்கரை ஜில்லாக்களில் சில ஆண்டுகளுக்குள் துருவேறிவிடும். ஆறு மீட்டருக்கு மேற்பட்ட கம்பத்துக்கு மூன்று திசைகளிலும் சமஇடைவெளியில் இழுகம்பி கட்டுவதைத் தவிர்க்கலாகாது. 2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் வேதாரண்யம் அருகே கரை கடந்த கஜா புயல், ஆண்டாண்டாக நின்ற தென்னைகளையே வேரோடு சாய்த்ததை டெல்டாப் பகுதியினர் மறந்திருக்கமாட்டார்கள்.

தென்னை மரத்தில் ஆன்டெனா கட்டுவது சில ஊர்களில் சிக்கனமாகத் தோன்றலாம். ஆனால் மரம் ஆடும், வளரும், மட்டையும் விழும். மின்வாரியக் கம்பத்தில் கட்டுவது சட்டவிரோதமும் உயிராபத்தும் ஆகும். நடும் கம்பம் சாய்ந்து விழுந்தாலும் மின்கம்பியைத் தொடாத தூரத்தில் நடவேண்டும். கம்பத்தின் உயரத்தைவிட அதிக தூரம் என்று வைத்துக்கொண்டால் கணக்கு எளிது.

கம்பியும் முனைகளும்

பம்பில் எவ்வளவு உயர்ந்த யந்திரம் வைத்தாலும் ஃபுட் வால்வு ஒழுகினால் தண்ணீர் ஏறாது. இணையத் தொடர்பின் ஃபுட் வால்வு என்று சொல்லத்தக்கது கம்பத்திலிருந்து வீட்டுக்குள் இறங்கும் கேபிளே. கடையில் விலைமலிவாகக் கிடைக்கும் கேபிள்களில் பல, அலுமினியத்தின்மேல் செம்பு முலாம் பூசியவை. கத்தியால் கம்பியைச் சுரண்டிப் பார்த்தால் உள்ளே வெள்ளை தெரியும். இதில் மின்னழுத்தம் வழியிலேயே குறைந்துபோவதால் மேலேயுள்ள கருவி அடிக்கடி அணைந்து எரியும்; முனைகளும் எளிதில் முறியும். முழுச் செம்பாலான, வெளிப்புற உபயோகத்துக்கென்று கறுப்பு உறையிட்ட, உள்ளே உலோகத்தாள் சுற்றிய கேபிளே வாங்கத்தக்கது. வீட்டுக்குள் போடும் வெள்ளை உறைக் கேபிள் நமது வெயிலில் வெடித்து, வெடிப்பின் வழியே மழைநீர் இறங்கும். நீளம் 100 மீட்டருக்கு மேற்படலாகாது.

உலோகத்தாள் சுற்றிய கேபிளுக்கு உலோக உறையுள்ள முனைகளே பொருந்தும். கருவியின் கேபிள் துவாரம் கீழ்நோக்கியிருக்கவேண்டும். சுவரில் நுழையுமுன் கேபிளை ஒரு சாண் கீழே தொங்கவிட்டு வளைத்து மேலேற்றினால் நீர் அவ்வளைவிலேயே சொட்டிவிடும். எலியும் அணிலும் உள்ள இடங்களில் கேபிள் முழுவதும் குழாய்க்குள் செல்வது நல்லது.

மின்சாரம்

மேலேயுள்ள கருவிக்கு மின்சாரமும் இதே கேபிள் வழியாகவே செல்கிறது. இதில் 24 வோல்ட் முறையும் 48 வோல்ட் முறையும் உண்டு. இரண்டின் முனைகளும் பார்வைக்கு ஒன்றே. 24 வோல்ட் கருவிக்கு 48 வோல்ட் பெட்டியை மாற்றிச் செருகினால் கருவி எரிந்துவிடக்கூடும். ஆகையால் ஒவ்வொரு பெட்டியின்மேலும் எண்ணைப் பெரிதாக எழுதி ஒட்டிவைப்பது காசில்லாக் காப்பீடு.

கருவியும் வீட்டு ரூட்டரும் சேர்ந்து சுமார் 15 வாட் கொள்ளும் என்று வைத்துக்கொள்வோம். ஆறுமணி நேரத்துக்கு 90 வாட்-மணி வேண்டும். ஈய மின்கலத்தைப் பாதிக்குமேல் வெறுமையாக்கினால் அதன் ஆயுள் குறையுமாதலால் 180 வாட்-மணி கொள்ளளவு வேண்டும்; சேதாரம் சேர்த்து 12 வோல்ட், 20 ஆம்பியர்-மணி மின்கலம் போதும். கடைகளில் கொடுக்கும் 7 ஆம்பியர்-மணி மின்கலம் இதில் மூன்றிலொரு பங்குக்குச் சற்றே கூடுதல். மின்னழுத்தம் குறைந்தவுடன் தானே துண்டிக்கும் சாதனம் இல்லாமல் எந்த மின்கலத்தையும் வைக்கலாகாது.

வயலில் வைக்கும் கருவிக்குச் சூரிய ஒளிப் பலகையே தக்கது. பாசனத்துக்கென வழங்கிய விவசாய மின்னிணைப்பிலிருந்து வேறு உபயோகத்துக்கு மின்சாரம் எடுப்பது வழக்குக்கு இடமாகும். 8 வாட் கொள்ளும் தனிக்கருவி நாளொன்றுக்கு 192 வாட்-மணி கேட்கும். ஐப்பசி கார்த்திகை மூடாப்பையும் எண்ணி 100 வாட் பலகை வைப்பது விவேகம்.

இடிக்காப்பு

சித்திரை வைகாசிக் கோடையிடியும், வடகிழக்குப் பருவத்து இடியும் நமது மாநிலத்துக்கு வழக்கமானவை. வெட்டவெளியில் உயர்ந்து நிற்கும் இரும்புக் கம்பத்தை நாமே நட்டு, அதிலிருந்து ஒரு கம்பியை வீட்டுக்குள் கொண்டுவருகிறோம் என்பதை மறக்கலாகாது. கருவியைவிட வீட்டிலுள்ளோர் உயிர் பெரிது. ஆயினும் செலவைக் குறைக்கவேண்டுமென்றால் விலைப்பட்டியலில் முதலில் அடிக்கப்படும் வரி இடிக்காப்பாகவே இருக்கிறது. இதையே யாம் மிகவும் கண்டிக்கிறோம்.

கம்பத்தின் உச்சியில் ஆன்டெனாவுக்கு மேலே ஒரு கூர்முனை. அதிலிருந்து வளைவு நெளிவின்றி நேரே பூமிக்கு இறங்கும் பட்டைக்கம்பி. அடியில் ஈரம் நிற்கும் மண்ணில் நிலத்தொடர்புக் குழி. இக்குழியின் மின்தடை 10 ஓமுக்குக் குறைவாயிருக்கவேண்டும். கொங்கு நாட்டுப் பாறை நிலத்தில் ஒரு குழி போதாது. இரண்டு மூன்று குழிகளை இணைக்க நேரிடும். கம்பத்தின் நிலத்தொடர்பையும் வீட்டு மின்னிணைப்பின் நிலத்தொடர்பையும் தனித்தனியே விடாமல் பூமிக்குள் கனத்த கம்பியால் ஒன்றுசேர்க்க வேண்டும். இல்லையேல் இடி விழும்போது இரண்டுக்கும் ஏற்படும் அழுத்த வித்தியாசம் கருவியின் வழியாகவே பாயும். கேபிளில் ஆன்டெனா அருகே ஒன்றும் வீட்டு நுழைவில் ஒன்றுமாக இரண்டு மின்னெழுச்சித் தடுப்பான்கள் வைத்து, அவற்றையும் பூமியோடு இணைக்கவேண்டும். இவ்வளவு செய்தும் நேராக விழும் இடியிலிருந்து கருவி தப்பும் என்று எவரும் உறுதி சொல்லமுடியாது. ஆகவே மேகம் திரளும்போதே இணைப்பைக் கழற்றிவிடுவது நன்று. இடி தொடங்கிய பின் அதைத் தொடலாகாது.

சட்டம்

2018-ஆம் ஆண்டில் 5 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் பெரும்பாகம் உரிமமின்றி உபயோகிக்க மத்திய சர்க்கார் அனுமதித்தது. எனினும் சக்திக்கு வரம்பு உண்டு. கருவிக்கு மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் வகை ஒப்புதலும் வேண்டும். விற்பவரிடம் ஒப்புதல் எண்ணைக் கேட்டுப் பெறுவது வாங்குவோர் கடமை. தாம் பெற்ற இணையத்தை அயலாருக்குக் காசுக்கு விற்பதற்கு உரிய உரிமம் தேவை. 2020-ஆம் ஆண்டு டிசம்பரில் அனுமதிக்கப்பட்ட பிரதம மந்திரி வாணி திட்டத்தின்கீழ்ச் சிறு கடைக்காரர்கள் உரிமக் கட்டணமின்றிப் பொது வைஃபை நிலையம் நடத்த வழி உண்டு. ஊர்ப்பொதுவில் செய்ய எண்ணுவோர் அதை ஆராயலாம்.

வாங்கும் முறை

இனி ஊராட்சித் தலைவர்களுக்கும் கூட்டுறவுச் சங்க நிர்வாகிகளுக்கும் சில வார்த்தைகள். விலைப்புள்ளி கோரும்போது "கம்பியில்லா இணையக் கருவி ஒரு ஜோடி" என்று எழுதினால், மிகக் குறைந்த விலை சொல்பவர் மேலே விவரித்தவற்றில் பாதியை விட்டுவிட்டே அவ்விலையைச் சொல்லியிருப்பார். அவரைக் குறைகூற நியாயமில்லை, கேட்கப்பட்டதைக் கொடுத்தார். ஆகையால் கேபிளின் தரம், கம்பத்தின் கனம், இழுகம்பி, நிலத்தொடர்பின் ஓம் அளவு, தடுப்பான்களின் எண்ணிக்கை, மின்கலத்தின் கொள்ளளவு ஆகியவற்றைத் தனித்தனி வரியாக எழுதியே விலை கேட்கவேண்டும். பணத்தில் ஒரு பங்கை நிறுத்திவைத்து, ஒரு மாதமாவது, கூடுமானால் ஒரு மழைக்காலமாவது ஓடியபின் கொடுப்பதாக ஒப்பந்தத்தில் சேர்க்கவேண்டும். கருவியின் கடவுச்சொல்லும் அமைப்பு விவரமும் ஊராட்சிப் பதிவேட்டில் இருக்கட்டும். அவை பொருத்தியவர் கைப்பேசியில் மட்டும் இருந்தால், அவர் ஊரைவிட்டுப் போனபின் நல்ல கருவியும் கல்லாகிவிடும்.

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாகாது என்பது பழமொழி. மானியத்தில் வரும் கருவிக்கு இப்பழமொழி செல்லாது. அதைப் பராமரிக்கும் செலவு நம்முடையது. அது நின்றுபோனால் நஷ்டமும் நம்முடையதே.

இவ்வளவும் செய்தால் சிறு குடியானவருக்குக் கட்டுபடியாகுமோ என்று ஆட்சேபிக்கலாம். தனியொருவருக்குக் கட்டுபடியாகாது என்பது மெய்யே. அதனாலேயே ஒரு கிணற்றைப் பங்காளிகள் முறைவைத்து இறைப்பதுபோல, ஓர் உயர்ந்த கம்பமும், நல்ல நிலத்தொடர்பும், பெரிய மின்கலமும் ஐந்தாறு குடும்பங்களுக்குப் பொதுவாக அமைத்து, வீட்டுக் கருவியை மாத்திரம் அவரவர் வாங்கிக்கொள்வது நலம். சேவை தரும் கம்பெனியின் நிபந்தனைகள் இதற்கு இடங்கொடுக்கின்றனவா என்பதை முன்னதாகவே எழுத்தில் பெற்றுக்கொள்ளவேண்டும். மலிவாக மூன்றுமுறை வாங்குவோர் செலவிடும் பணத்தைவிட, சேர்ந்து ஒருமுறை செம்மையாக வாங்குவோர் செலவிடுவது குறைவாகவே இருக்கும்.

ஐப்பசி மழைக்கு முன்பே வரப்பைச் சீர்செய்வது நம் வழக்கம். அவ்வாறே கம்பத்தின் இழுகம்பியை இறுக்கி, நிலத்தொடர்புக் குழிக்கு நீர்விட்டு, கேபிள் முனைகளைத் துடைத்து, மின்கலத்தைச் சோதித்துவைக்கும் வழக்கத்தையும் மேற்கொள்வார்களாயின், செலவிட்ட பணம் வீண்போகாது. நிலமுடையோரும் கிராம அதிகாரிகளும் இவ்விஷயத்தைத் தங்கள் ஊர்க்கூட்டங்களில் ஆலோசித்து, முதலில் பாதையை அளந்து, பின்னரே கடைக்குச் செல்லும் முறையைக் கைக்கொள்வார்கள் என நம்புகிறோம்.